‘ஃபைன்’ என்றால் அபராதமா, அருமையா?

மொழிபெயர்ப்பு வேலையில் நீளமான சொற்கள் என்னை அதிகம் தொந்தரவு செய்ததில்லை. கலைச்சொல் என்றால் அதற்கென்று அகராதி இருக்கும், தேடினால் கிடைத்துவிடும். நேரத்தைத் தின்பவை சின்னச் சொற்கள்தான். ‘செட்’, ‘ரன்’, ‘கெட்’ எல்லாம் அந்த ஜாதி. ஆனால் என்னை உட்காரவைத்து வரலாறு படிக்கச் செய்தது ‘ஃபைன்’. நாலே எழுத்து. ‘ஹவ் ஆர் யூ’ என்று கேட்டால் யோசிக்காமல் வாயில் வருகிற சொல்.

நூலக மென்பொருள் ஒன்றின் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்துத் தரும் வேலை வந்தது. எக்செல் கோப்பு. இடப்பக்கப் பத்தியில் ஆங்கிலம், வலப்பக்கப் பத்தியில் ஏற்கெனவே நிரப்பப்பட்ட தமிழ். நடுவில் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது, எல்லாம் ஒற்றைச் சொற்களும் இரட்டைச் சொற்களும். அதில் ‘ஃபைன்’ மூன்று வரிசைகளில் வந்தது. மூன்றுக்கும் நேரே ‘அபராதம்’. முதல் வரிசைக்கு அது சரி. புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பினால் கட்டவேண்டிய தொகை. இரண்டாவது, ஸ்கேனரின் தரத்தைத் தேர்ந்தெடுக்கிற பட்டியல். ‘வரைவு, இயல்பு, அபராதம்’ என்று போயிருந்தது. மூன்றாவது, உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்கும் படிவம். சேவை எப்படி இருந்தது என்ற கேள்விக்கு ‘மிக நன்று, நன்று, அபராதம், மோசம்’ என்று நான்கு பொத்தான்கள்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. மொழிபெயர்ப்பு மென்பொருள்களில் ஒரு வசதி உண்டு. ஒரு சொல்லை ஓரிடத்தில் மொழிபெயர்த்துவிட்டால், அதே சொல் வருகிற மற்ற இடங்களிலும் அதே தமிழைத் தானாக நிரப்பிக்கொண்டே போகும். பெரிய கோப்புகளில் அது பாதி வேலையை மிச்சப்படுத்தும். ‘சேமி’, ‘ரத்து செய்’ போன்றவற்றுக்கு அருமையான வசதி. ‘ஃபைன்’ மாதிரி சொல்லுக்கு அதை அணைத்துவைக்க வேண்டும். நான் இப்போது எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஒற்றைச் சொல் வரிசைகளை மட்டும் முதலில் வடிகட்டிப் பார்ப்பேன். மீண்டும் மீண்டும் வருகிற சொல் எது, அது எல்லா இடத்திலும் ஒரே பொருளில்தான் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

சரி, வாக்கியமே இல்லாத வரிசையில் பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த எக்செலில் மறைத்துவைக்கப்பட்ட ஒரு பத்தி இருந்தது. நிரலாளர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் வைக்கிற அடையாளக்குறி அதில் இருக்கும். முதல் வரிசையின் குறியில் கெடு தாண்டியது என்று பொருள்படும் ‘ஓவர்டியூ’ இருந்தது, இரண்டாவதில் ‘ஸ்கேன்’, மூன்றாவதில் ‘ரேட்டிங்’. மறைந்த பத்தியைத் திறந்தாலே முக்கால்வாசிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அதுவும் இல்லாவிட்டால் மேலும் கீழும் உள்ள நாலைந்து வரிசைகளைப் பார்க்க வேண்டும். பட்டியல்கள் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். இதற்கும் மசியாத இடங்களுக்கு வாடிக்கையாளரிடம் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) கேட்கலாம். ‘இதன் பொருள் என்ன’ என்று கேட்டால் ‘ஃபைன் என்றால் ஃபைன்தான்’ என்று பதில் வரும். ‘இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் தொகை வருமா, பட்டியல் வருமா’ என்று கேட்டால் வேலை முடிந்தது.

ஸ்கேனருக்கு ‘நுண்தரம்’ என்று போட்டேன். கருத்துப் படிவத்துக்கு ‘பரவாயில்லை’. ஆனால் மனதுக்குள் கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. தண்டனைக்கும் தரத்துக்கும் பரவாயில்லைக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? தற்செயலாக ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து சேர்ந்த வெவ்வேறு சொற்களா, ஒரே குடும்பமா?

ஆங்கிலத்தில் இரண்டுமே நடக்கும். கிரிக்கெட் ‘பேட்’ ஒரு வழியில் வந்தது, வௌவாலைக் குறிக்கும் ‘பேட்’ வேறொரு வழியில் வந்தது. ‘ஃபைன்’ விஷயத்தில் அகராதியைத் திறந்தால், பெயர்ச்சொல்லாக ஒரு பதிவு, பெயரடையாக ஒரு பதிவு, வினைச்சொல்லாக ஒன்று என்று தனித்தனியாக நிற்கும். ஒவ்வொன்றின் சொற்பிறப்பையும் படித்துக்கொண்டு போனால் எல்லாம் ஒரே வாசலில் போய் நிற்கின்றன. லத்தீன் ‘ஃபீனிஸ்’. எல்லை, முடிவு என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. 1066இல் வடக்குப் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நீதிமன்றத்திலும் அரண்மனையிலும் பிரெஞ்சும் லத்தீனும் புழங்கியதால் வந்த பல சொற்களில் இதுவும் ஒன்று.

எல்லை என்ற ஒரே பொருளிலிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. எல்லை என்றால் உச்சம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அதற்குமேல் போக இடமில்லாத நிலை. அப்படி எடுத்தால் ‘மிகச் சிறந்த’ என்று ஆகிறது. எல்லை என்றால் ஒரு விவகாரம் முடிகிற இடம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் வழக்கு முடிகிறது, பணம் கைமாறுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு அந்நியமாகவே படவில்லை. ஒருவரைப் பெரிய புலமை உள்ளவர் என்று சொல்ல ‘இலக்கணத்தில் கரைகண்டவர்’ என்கிறோமே, எல்லையைத் தொட்டவர் சிறந்தவர் என்பதுதானே அதில் இருக்கிறது? இன்னொரு பாதைக்கு ‘தீர்’ இருக்கிறது. தீர் என்றால் முடி. அதிலிருந்து தீர்வு, தீர்ப்பு. கடனைத் தீர்க்கிறோம். அரசாங்கம் வசூலிப்பது தீர்வை, ஆயத்தீர்வை. முடிவு, நீதிமன்றம், பணம் மூன்றும் ஒரே வேரில். லத்தீன்காரர்களுக்கும் நமக்கும் எந்த ஏற்பாடும் கிடையாது. மனிதர்கள் சண்டையை முடித்துப் பணம் கட்டுகிற விதம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருப்பதால் சொற்களும் அப்படிப் போயிருக்கின்றன என்று நினைக்கிறேன். ஆங்கிலச் சொல்லின் வரலாறு மனதில் ஒட்டவில்லை என்றால், தமிழில் அதே பாதையில் போன சொல் உண்டா என்று தேடிப் பாருங்கள். கிடைத்துவிட்டால் மறக்காது.

உச்சம் என்ற பொருளுக்குச் சாட்சி சொல்ல ஒரு பழைய நூல் இருக்கிறது. ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கி.மு. 45இல் எழுதிய நூலின் பெயர் ‘டி ஃபீனிபுஸ் போனோரும் எட் மாலோரும்’. நன்மை தீமைகளின் எல்லைகள் பற்றி என்று சொல்லலாம். அந்த ‘ஃபீனிபுஸ்’ நம்முடைய ‘ஃபீனிஸ்’தான், வேற்றுமை உருபோடு நிற்கிறது. வடிவமைப்பு வேலை செய்கிறவர்கள் இந்த நூலைத் தெரியாமலே தினமும் பார்க்கிறார்கள். பக்கத்தை நிரப்பிக் காட்டுவதற்காகப் போடுகிற ‘லோரெம் இப்சம்’ என்ற பொருளற்ற பத்தி, இந்த நூலின் ஒரு பகுதியைக் கண்டபடி வெட்டிச் சிதைத்ததுதான். ‘லோரெம்’ என்பதே வலி என்று பொருள்படும் ‘டோலோரெம்’ என்ற சொல்லின் தலையை வெட்டியதில் மிஞ்சிய துண்டு. ரிச்சர்ட் மெக்ளின்டாக் என்ற லத்தீன் அறிஞர் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இது. ஒரு வாடிக்கையாளர் லோரெம் இப்சத்தையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார் என்பது தனிக்கதை.

அபராதப் பாதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அபராதம் என்றால் தண்டனை என்றுதான் நாம் நினைக்கிறோம். ‘ஃபைன்’ தண்டனையாகப் பிறக்கவில்லை, உடன்படிக்கையாகப் பிறந்தது. இடைக்கால இங்கிலாந்தில் ஒரு நிலத்தை வாங்குகிறவர் அந்த உரிமையை உறுதியாக்க ஒரு தந்திரம் செய்வார். விற்கிறவர்மேல் வழக்குப் போடுவார். இருவரும் பேசிவைத்துக்கொண்டு போட்ட வழக்குதான். நீதிமன்றத்தில் போய், நாங்கள் சமாதானமாகிவிட்டோம், நிலம் இன்னாருடையது என்று ஒத்துக்கொள்வார்கள். அந்தச் சமாதானப் பத்திரத்துக்குப் பெயர் ‘ஃபைன்’. ‘இதுவே இறுதி உடன்படிக்கை’ என்ற லத்தீன் வாசகத்தோடு பத்திரம் தொடங்கும். அதில் ‘இறுதி’ என்பதற்கு நிற்கிற சொல் ‘ஃபீனாலிஸ்’.

அந்தப் பத்திரம் எழுதப்பட்ட விதத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒரே தோலில் அதே வாசகத்தை மூன்று முறை எழுதுவார்கள். மேலே பக்கம் பக்கமாக இரண்டு, கீழே குறுக்காக ஒன்று. மூன்றுக்கும் நடுவே விட்ட இடத்தில் பெரிய எழுத்துகளில் ஒரு சொல்லை எழுதி, அந்த எழுத்துகளை ஊடுருவியே அலையலையாக வளைத்து வெட்டுவார்கள். மேலே உள்ள இரண்டும் வாங்கியவருக்கும் விற்றவருக்கும். கீழ்த்துண்டு நீதிமன்றத்துக்கு. பின்னாளில் யாராவது போலிப் பத்திரம் கொண்டுவந்தால், கீழ்த்துண்டை எடுத்து விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்த்தால் போதும். வளைவு பொருந்த வேண்டும், பாதியாக வெட்டுப்பட்ட எழுத்துகள் சேர வேண்டும். இந்தக் கீழ்த்துண்டுகளுக்கு ‘ஃபீட் ஆஃப் ஃபைன்ஸ்’ என்று பெயர். பாதம் என்கிறார்கள், பத்திரத்தின் அடியில் இருந்ததால். 1195இல், பேராயராகவும் மன்னரின் தலைமை நீதி அதிகாரியாகவும் இருந்த ஹ்யூபர்ட் வால்டர் இந்த மூன்று படி முறையைக் கொண்டுவந்தார். 1833இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை இது நடந்தது. அறுநூறு ஆண்டுக்கும் மேலான கீழ்த்துண்டுகள் லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த அலை வெட்டு தெளிவாகத் தெரியும்.

இதே காலத்தில் மன்னருக்குக் கட்டுகிற தொகைக்கும் ‘ஃபைன்’ என்றே பெயர். ஏதோ ஒரு சலுகை வேண்டும், வாரிசுச் சொத்துக்கு அனுமதி வேண்டும், விதவை ஒருவர் தன்னைக் கட்டாயமாக மறுமணம் செய்துவைக்கக் கூடாது என்று கேட்கிறார். இவ்வளவு தருகிறேன் என்று ஒத்துக்கொண்டால் விவகாரம் முடிந்தது. எழுத்தர்கள் அதைச் சுருளில் பதிந்துவைப்பார்கள். அந்தச் சுருள்களுக்குப் பெயர் ‘ஃபைன் ரோல்ஸ்’. குற்றம் செய்தவன்மேல் நீதிமன்றம் விதித்த தொகைக்கு அப்போது வேறு சொல் இருந்தது, ‘அமர்ஸ்மென்ட்’. தொகையை நாமே ஒத்துக்கொள்வது ஒன்று, நம்மேல் சுமத்துவது இன்னொன்று. காலப்போக்கில் இந்த வித்தியாசம் மங்கி, சுமத்துகிற தொகைக்கே ‘ஃபைன்’ என்று ஆகிவிட்டது.

‘ஃபைனான்ஸ்’ இதன் உடன்பிறப்பு. முடித்துவைப்பது, கடனைத் தீர்ப்பது என்ற பழைய பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் முதலில் அதற்கும் முடிவு, தீர்வு என்றுதான் பொருள். பண நிர்வாகம் என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. இதைத் தெரிந்துகொண்டதால் வேலையில் என்ன லாபம் என்று கேட்டால், பழைய ஒப்பந்தங்களை மொழிபெயர்க்கும்போது லாபம் உண்டு. சில குத்தகைப் பத்திரங்களில் குத்தகை தொடங்கும்போது ஒருமுறை கட்டுகிற தொகையை ‘ஃபைன்’ என்று எழுதியிருப்பார்கள். அங்கே ‘அபராதம்’ என்று போட்டால், குத்தகைக்காரர் எந்தத் தப்பும் செய்யாமலே குற்றவாளி ஆகிவிடுவார். ‘முன்தொகை’ என்றோ ‘ஒருமுறைத் தொகை’ என்றோ போட வேண்டும். சட்ட ஆவணத்தில் ‘ஃபைன்’ வந்தால் யார் யாருக்குக் கட்டுகிறார், எதற்காகக் கட்டுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் நான் தமிழைத் தொடுவேன்.

தரப் பாதைக்கு வருவோம். உச்சத்தைத் தொட்டது என்றால் குறையில்லாதது, கலப்படமில்லாதது. பொன்னுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. இன்றும் தங்கத்தின் தூய்மைக்கு ‘ஃபைன்னெஸ்’ என்றுதான் பெயர், ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு. 22 காரட் என்றால் 916. தூய்மையாக்க வேண்டுமென்றால் சலிக்க வேண்டும், அரைக்க வேண்டும். அப்படிச் செய்தால் பொருள் பொடியாகும், மென்மையாகும். தூய என்பதிலிருந்து நுண்ணிய, மெல்லிய என்ற பொருள்கள் இப்படி நகர்ந்திருக்கின்றன. ‘ஃபைன் சாண்ட்’ பொடிமணல், ‘ஃபைன் த்ரெட்’ மெல்லிய நூல், ‘ஃபைன் பிரின்ட்’ படிக்க முடியாத அளவுக்குச் சின்ன எழுத்து. காற்று மாசு பற்றிய அறிக்கைகளில் ‘ஃபைன் பார்ட்டிகிள்ஸ்’ என்று வருவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும் ஆன துகள்கள். நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியவை. அங்கே இந்தச் சொல்லில் நல்லது என்ற வாடையே கிடையாது. ஒரு மொழிபெயர்ப்பில் அதை ‘நேர்த்தியான துகள்கள்’ என்று பார்த்திருக்கிறேன். நுண்துகள் என்ற அருமையான சொல் நம்மிடம் சும்மா இருக்கும்போது.

இனி ‘பரவாயில்லை’. இதுதான் வினோதம். உச்சம் என்று தொடங்கிய சொல் இன்று மதிப்பெண் பட்டியலில் ‘குட்’டுக்கும் கீழே நிற்கிறது. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் ‘இட் வாஸ் ஃபைன்’ என்றால் நீங்கள் டிக்கெட் எடுக்க மாட்டீர்கள். அதே சமயம் ‘எ ஃபைன் ஆக்டர்’ என்றால் உயர்ந்த பாராட்டு. ஒரே சொல், ஒரே காலம், ஒரே பேச்சாளர். எது வித்தியாசம்?

இடம்தான். சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டி நின்றால் பெரும்பாலும் பாராட்டு அல்லது நுண்மை: ஃபைன் டீச்சர், ஃபைன் ஒயின், ஃபைன் பவுடர், ஃபைன் ஆர்ட்ஸ். ‘இஸ்’, ‘வாஸ்’ போன்றவற்றுக்குப் பின்னால் தனியாக நின்றால் பெரும்பாலும் ‘சரி, பரவாயில்லை, நலம்’. ‘தி டீச்சர் இஸ் ஃபைன்’ என்றால் ஆசிரியருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றோ, இந்த ஆசிரியரே போதும் என்றோதான் அர்த்தம், சிறந்த ஆசிரியர் என்று அல்ல. முன்னால் ‘எ’ அல்லது ‘தி’ வந்து, பின்னால் பெயர்ச்சொல் எதுவும் வராமல் ‘ஆஃப்’, ‘ஃபார்’ என்று தொடர்ந்தால் அநேகமாக அது பணம். இது நூற்றுக்கு நூறு விதி கிடையாது. ‘தி சாண்ட் இஸ் ஃபைன்’ என்றால் மணல் பொடியாக இருக்கிறதா, இந்த மணலே போதுமா என்று இரண்டு பக்கமும் சாயும். ஆனால் நூறு வாக்கியங்களில் பெரும்பாலானவற்றை இது தீர்த்துவைக்கிறது. எந்த அகராதிப் பொருளையும் பார்ப்பதற்கு முன் சொல்லின் இடத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்கு இந்த ஒரு சொல்லால் வந்தது. மற்றச் சொற்களுக்கும் அது உதவுகிறது.

அப்புறம் குரல். படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசன உரை (சப்டைட்டில்) எழுதும் வேலையில் ‘ஃபைன்’ ஒரு கண்ணிவெடி. கணவன் மனைவி சண்டைக் காட்சி. அவன் நீளமாகப் பேசி முடிக்கிறான். அவள் ஒரே சொல், ‘ஃபைன்’. எழுத்துப் பிரதியில் முற்றுப்புள்ளி மட்டும்தான் இருக்கும். காட்சியை ஓட்டிக் கேட்காமல் ‘சரி’ என்று போட்டுவிட்டால் சமாதானமாகிவிட்டார்கள் என்று பார்வையாளர் நினைப்பார், அடுத்த நொடி அவள் கதவை அறைந்துவிட்டுப் போவாள். ‘சரி, உன் இஷ்டம்’ என்றோ ‘எப்படியோ போ’ என்றோதான் அங்கே வரும். சில காட்சிகளில் ‘போதும்’ என்ற சொல்லே அழகாக உட்கார்ந்துவிடுகிறது. விருந்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்கும்போது ‘ஐ ஆம் ஃபைன்’ என்றாலும் அதே ‘போதும்’தான். ‘நான் நலம்’ என்று வசன உரை போனதை நானே திரையில் பார்த்திருக்கிறேன். உணவு மேசையில் திடீரென்று உடல்நிலை அறிக்கை. ‘தட்ஸ் எ ஃபைன் மெஸ்’ என்று வந்தால் கிண்டல், ‘நல்லா பண்ணி வச்சிருக்கே’ என்கிற தொனி. ‘ஒன் ஃபைன் டே’ என்றால் ‘ஒரு நாள்’ என்பதற்குமேல் எதுவும் வேண்டாம். நல்ல நாள் பார்த்து நடந்ததாக எழுதிவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த காலத்தில் இந்தச் சொல்லைத்தான் முதல் பாடமாக வைத்தேன். பலகையில் நடுவில் ‘எல்லை’ என்று தமிழில் எழுதி, அதிலிருந்து கோடுகள் இழுத்தேன். ‘ஃபினிஷ்’, ‘ஃபைனல்’ சட்டென்று புரிந்தன. ‘டிஃபைன்’ என்றால் ஒரு சொல்லுக்கு எல்லை வகுப்பது. ‘கன்ஃபைன்’ என்றால் எல்லைக்குள் அடைப்பது. ‘இன்ஃபினிட்’ எல்லையற்றது. ‘அஃபினிட்டி’ கொஞ்சம் ஆச்சரியம் தந்தது, எல்லையோடு எல்லை ஒட்டியிருப்பதால் வந்த நெருக்கம். ‘ரிஃபைன்’ வரும்போது பொன்னும் வந்துவிட்டது. ஒரே உட்காரலில் ஏழெட்டுச் சொற்களைச் சுமையில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரமும் மறக்கவில்லை.

ஆனால் அதோடு ஒரு வியாதியும் தொற்றிக்கொண்டது. ஒருவர் மீனின் ‘ஃபின்’ உடம்பின் எல்லையில் இருப்பதால்தான் அந்தப் பெயரா என்றார். ‘ஃபிங்கர்’ கையின் முடிவு என்றார் இன்னொருவர். ‘ஃபைண்ட்’ என்றால் தேடலின் முடிவு என்று ஒரு அம்மா அடித்துச் சொன்னார். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஒன்றும் உண்மையில்லை. மூன்றுமே ஜெர்மானியக் கிளையிலிருந்து பழைய ஆங்கிலம் வழியாக வந்தவை, லத்தீன் ‘ஃபீனிஸ்’ அங்கே காலெடுத்து வைத்ததில்லை. மணம் நிச்சயிக்கப்பட்டவரைக் குறிக்கும் ‘ஃபியான்சே’யும் இந்தக் குடும்பம் அல்ல. அது நம்பிக்கை என்ற பொருள்கொண்ட வேறு லத்தீன் வேர். பொருத்தமாகக் கதை சொல்ல முடிவது சான்று ஆகாது என்று வகுப்பில் புரியவைக்க எனக்கு அகராதி தேவைப்பட்டது. சொல்லின் மிகப் பழைய எழுத்து வடிவம் என்ன, எந்த மொழி வழியாக வந்தது என்று இரண்டே கேள்விகள். ஆங்கிலத்துக்கு நேர் உறவான ஜெர்மனிலும் டச்சிலும் அதே சொல் ‘ஃபிங்கர்’, ‘ஃபிண்டன்’ என்று இருந்தால், பிரெஞ்சு வழியாக வந்த கதை சந்தேகத்துக்குரியது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மனில் ‘ஃபைன்’ என்றே ஒரு சொல் இருக்கிறது, நம்முடைய அதே சொல்தான், அதுவும் பிரெஞ்சிலிருந்து கடன் வாங்கியது. அதனால் கடைசியில் அகராதியின் சொற்பிறப்புக் குறிப்பைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அகராதிகளிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். முதலில் கொடுத்திருக்கிற பொருள்தான் முக்கியமான பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதியும் மெரியம்-வெப்ஸ்டரும் பொருள்களைக் கால வரிசையில் வைப்பவை. மிகப் பழைய பொருள் மேலே இருக்கும், அது இன்று செத்துப்போன பொருளாகக்கூட இருக்கலாம். மொழி கற்பவர்களுக்கான அகராதிகள் அதிகம் புழங்குகிற பொருளை மேலே வைப்பவை. வரலாறு தெரிய வேண்டுமென்றால் முதல் வகை, இன்று என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டுமென்றால் இரண்டாம் வகை. இணையத்தில் இலவசமாகப் பார்க்க டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த ஆன்லைன் எடிமாலஜி டிக்‌ஷனரி போதும். நான் வேலைக்கு உட்காரும்போது கற்பவர் அகராதியைத்தான் திறந்து வைத்திருப்பேன். வேர் தேடுவது வேலை முடிந்த பிறகு. வேரைப் பார்த்துவிட்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தால், ‘ஃபைன்’ என்றால் உச்சம்தானே என்று கை தானாக உயர்ந்த சொல்லைத் தேடும். எழுதியவர் நினைத்தது வெறும் ‘சரி’யாக இருக்கும்.

இத்தனை பொருளையும் ஒரே வரியில் வைத்து விளையாடியவர் ஷேக்ஸ்பியர். ஹாம்லெட்டின் ஐந்தாம் அங்கம், முதல் காட்சி, கல்லறை. ஹாம்லெட் ஒரு மண்டையோட்டைப் பார்த்து, இது ஒரு வக்கீலின் மண்டையாக இருக்கக்கூடாதா என்று பேசிக்கொண்டு போகிறான். நிலம் வாங்கியதும் பத்திரம் போட்டதுமாக வாழ்ந்தவன். அவனுடைய ‘ஃபைன்ஸ்’களுக்கெல்லாம் ‘ஃபைன்’ இதுதானா, அவனுடைய ‘ஃபைன்’ மண்டையில் ‘ஃபைன்’ மண் நிறைந்து கிடப்பதுதானா என்று கேட்கிறான். முதலில் வரும் ‘ஃபைன்ஸ்’ நாம் மேலே பார்த்த அலை வெட்டுப் பத்திரங்கள். அடுத்தது முடிவு. மூன்றாவது அழகிய. நான்காவது பொடியான. கூடவே ‘ரெகவரீஸ்’ என்று இன்னொரு சொல்லையும் இழுத்துவிடுகிறான், அதுவும் நிலம் மாற்றுகிற வழக்குத் தந்திரம்தான். 1833இல் இரண்டையும் ஒழித்த சட்டத்தின் பெயரிலேயே ‘ஃபைன்ஸ் அண்ட் ரெகவரீஸ்’ என்று ஜோடியாகத்தான் நிற்கும்.

அந்த வரியைத் தமிழாக்கப் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ‘தீர்’ கையில் இருப்பதால் பாதி வந்துவிடும். ‘ஊரார் வழக்கையெல்லாம் தீர்த்தவன் தீர்ந்த விதம் இதுதானா’ என்பதுவரை ஓடும். அழகிய மண்டையும் பொடிமண்ணும் அந்த வேரில் ஏற மறுக்கின்றன. நேர்த்தி, நுண்மை என்று வேறு சொற்களை வைத்தால் பொருள் வரும், விளையாட்டு போய்விடும். இப்போதைக்கு ‘மண்டை’யையும் ‘மண்’ணையும் ஒலியில் மோதவிட்டிருக்கிறேன். இன்னும் நல்ல வழி யாருக்காவது கிடைத்தால் எடுத்துக்கொள்ள நான் தயார்.

விட்டுப்போன ஒன்று. இசை கற்றுத்தரும் செயலிகளோ பாடக்குறிப்புகளோ உங்களிடம் வந்து, இசைக்குறிப்பின் நடுவில் ‘ஃபைன்’ என்று எழுதியிருந்தால் அது ஆங்கிலமே அல்ல. இத்தாலியம், ‘ஃபீனே’ என்று படிக்க வேண்டும். முதலிலிருந்து மறுபடி வாசித்துக்கொண்டு வந்து இங்கே நிறுத்து என்று பொருள். அதைப் பொதுவாக மொழிபெயர்ப்பதில்லை. குறிப்பில் அப்படியே விட்டுவிட்டு, அருஞ்சொல் பட்டியலில் மட்டும் விளக்கம் சேர்த்தால் போதும்.